செடித் தொட்டிக்கு சிஓடூ: மீன் சாகாமல் ஏற்றும் வரிசை

மீன் தொட்டியில் செடி வளர சிஓடூ (கார்பன் டைஆக்சைடு வாயு) ஏற்றி மீனை இழந்தவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கும். காலையில் சிலிண்டரை மாட்டி, குமிழி அழகாக ஏறுவதைப் பார்த்து, மீன் சாதாரணமாக நீந்துகிறதா என்று கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு ஆபீஸ் போயிருப்பார்கள். சாயங்காலம் கதவைத் திறந்தால் டெட்ரா மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், இறால்கள் செத்துக் கிடக்கும். வாங்கிய பொருளில் பெரும்பாலும் குறை இருக்காது. வரிசை தவறியிருக்கும், அல்லது ஒரு வாரத்தில் செய்ய வேண்டியதை ஒரே நாளில் செய்திருப்பார்கள்.

அதனால் எதை வாங்குவது என்பதைவிட எதற்கு அப்புறம் எது என்பதில்தான் இங்கே அதிகம் நிற்கப் போகிறேன். கணக்குக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். மண், கல் போக சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இடம் சென்னை. தண்ணீர் போர்வெல், ஆர்ஓ, அல்லது இரண்டும் கலந்தது.

1. மீனுக்கு என்ன ஆகிறது

சிஓடூ ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும், அதனால்தான் மீன் சாகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. இரண்டும் தண்ணீரில் தனித்தனியாகக் கரைகின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மீன் தன் ரத்தத்தில் சேரும் சிஓடூவைச் செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. ரத்தத்தில் அதிகம், தண்ணீரில் குறைவு என்ற வித்தியாசம் இருக்கும்வரைதான் அது வெளியே போகும். தண்ணீரிலேயே அளவு ஏறிவிட்டால் ரத்தத்தில் தேங்கும், ரத்தத்தின் அமிலத்தன்மை கூடும். அந்த நிலையில் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சரியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டுவது இதனால்தான்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் கீழே வரும் பாதி படிகளுக்குக் காரணம் தானாகப் புரியும். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டிருக்கிறேனே, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது தவறு. அதேபோல ஆக்சிஜன் குறைவாக உள்ள தொட்டியில் மீன் தாங்கும் சிஓடூ அளவும் குறைவு. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும், ஆனால் சூட்டில் மீனுக்கு வேண்டியதோ கூடும். குளிர்ந்த நாட்டுக்காரர் காணொளியில் சொல்லும் அளவை மே மாதச் சென்னையில் அப்படியே பின்பற்றக் கூடாது.

2. உங்கள் தொட்டிக்கு இது தேவையா

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ், பெரும்பாலான கிரிப்டோகரைன் போன்ற செடிகள் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் வேண்டாம். மெதுவாக வளரும், ஆனால் வளரும். மான்டே கார்லோ போன்ற தரைவிரிப்புச் செடிகள், சிவப்பு ரோட்டாலாக்கள், பிரகாசமான எல்இடி என்று போகும்போதுதான் சிஓடூ தேவைப்படுகிறது.

கடையில் 'லிக்விட் சிஓடூ' என்று விற்கும் பாட்டிலில் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு இருக்கும். அது கிருமிநாசினி. பாசியை அடக்க ஓரளவு உதவும், அதிகமானால் மீனையும் இறாலையும் கொல்லும், வாலிஸ்னீரியா செடியைக் கரைத்துவிடும். சிஓடூவுக்கு அது மாற்று கிடையாது.

3. வாங்க வேண்டியவை

மூன்று வழிகள் உண்டு. சர்க்கரை, ஈஸ்ட் பாட்டில் மலிவு. ஆனால் இரவில் நிறுத்த முடியாது, வெயிலில் வேகமாகவும் மழைநாளில் மெதுவாகவும் ஓடும். மீன் இருக்கும் சின்னத் தொட்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நிறுத்த முடியாத ஒன்றை எப்படிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது?

சிட்ரிக் ஆசிட், சமையல் சோடா முறை நடுத்தரம். 2 அடித் தொட்டிக்குப் போதும். இதற்கென்று பாதுகாப்பு வால்வோடு வரும் ஸ்டீல் சிலிண்டர் வாங்கினால் நல்லது. பாட்டிலில்தான் செய்வேன் என்றால் சோடா, கோலா வந்த கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது, கண்ணாடி பாட்டில் வெடித்தால் கண் போய்விடும். 200 கிராம் சிட்ரிக் ஆசிட் முழுதாக வினைபுரிய சுமார் 260 கிராம் சோடா வேண்டும். சமமாகப் போட்டால் கொஞ்சம் ஆசிட் மிச்சமாகும், அவ்வளவுதான். அதில் ஆபத்து இல்லை.

மூன்றாவது, நிரப்பித் தரும் அழுத்த சிலிண்டர். நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இதுதான். இதற்கு வேண்டியவை: ரெகுலேட்டர் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைப்பது), அதோடு சோலினாய்டு வால்வு (கரண்டில் திறந்து மூடுவது), நீடில் வால்வு (வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பது), பபிள் கவுன்டர் (குமிழியை எண்ண), செக் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது), சிஓடூ டியூப், டிஃப்பியூசர் (வாயுவைச் சிறு குமிழியாக்கும் கல்), டிராப் செக்கர் (சிஓடூ அளவை நிறத்தில் காட்டுவது), டைமர். கூடவே ஒரு ஏர் பம்ப். ஏர் பம்ப்பை வாங்காமல் விடுபவர்கள்தான் அதிகம், அவசரத்தில் முதலில் கை தேடுவதும் அதைத்தான்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் ரெகுலேட்டரிலும் நீடில் வால்விலும் என்பேன். மலிவான நீடில் வால்வில் திருகை ஒரு மயிரிழை தொட்டால் குமிழி இரட்டிப்பாகும், அடுத்த நாள் தானாக மாறியிருக்கும். டிஃப்பியூசரில் மிச்சம் பிடிக்கலாம், வால்வில் வேண்டாம்.

வாங்கும் வரிசையும் முக்கியம். சிலிண்டர் வால்வின் மரை எல்லாம் ஒரே அளவு இல்லை. சிலிண்டரை முதலில் முடிவு செய்யுங்கள், அதைக் கடைக்கு எடுத்துப்போய் ரெகுலேட்டர் அதில் ஏறுகிறதா என்று மாட்டிப் பார்த்து அப்புறம் பணம் கொடுங்கள். கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் இதை ஒரே நடையில் முடிக்கலாம்; ஆன்லைனில் தனித்தனியாக வாங்கினால் அடாப்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பழைய தீயணைப்பு சிலிண்டரை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அதன் உள்ளே அடிவரை போகும் குழாய் ஒன்று இருக்கும். நிமிர்த்தி வைத்தாலும் வாயு வராது, திரவம்தான் வரும். அது ரெகுலேட்டரைக் கெடுக்கும், தொட்டிக்குள் ஒரேயடியாகக் கொட்டும். கேஸ் நிரப்பும் இடத்தில் அந்தக் குழாயை எடுக்காமல் பயன்படுத்தவே கூடாது. எந்த சிலிண்டராக இருந்தாலும் தோள்பட்டையில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

4. சிலிண்டர் நிற்கும் இடம்

இதைத் தனிப் படியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது: இங்கே ஆபத்து மீனுக்கு மட்டும் இல்லை.

5 கிலோ சிஓடூ முழுதும் வெளியே வந்தால் சுமார் 2.8 கன மீட்டர் வாயு. 10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் மொத்தக் காற்று 28 கன மீட்டர். கதவு, ஜன்னல் அடைத்து ஏசி ஓடும் அறையில் அது திடீரென்று கசிந்தால் காற்றில் 10 சதவீதம் சிஓடூ. அந்த அளவில் மனிதர் சில நிமிடத்தில் மயங்கிவிடுவார். 2 கிலோ சிலிண்டராக இருந்தாலும் 4 சதவீதம் வரும், அதுவும் ஆபத்தான அளவுதான். வாயு காற்றைவிடக் கனமானது, முதலில் தரையில் தேங்கும். தரையில் படுத்துத் தூங்கும் வீடுகளில் இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே படுக்கையறை வேண்டாம். ஹாலில், காற்றோட்டம் உள்ள மூலையில், 2 கிலோ சிலிண்டர் போதும். எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். ஸ்டாண்டின் காலோடு ஒரு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். குழந்தை இழுத்தாலும் விழாது.

வெயில் படும் பால்கனி, அடுப்புப் பக்கம், வெயிலில் நிறுத்திய கார், மூன்றும் கூடாது. 31 டிகிரிக்கு மேல் சிலிண்டருக்குள் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய், சூடு ஏற ஏற அழுத்தம் வேகமாக ஏறும். நிரப்பும்போது 'கொஞ்சம் கூடவே போடுங்கண்ணா' என்று கேட்கவும் கேட்காதீர்கள். அனுமதித்த எடைக்கு மேல் நிரப்பிய சிலிண்டர் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

5. தண்ணீரை முதலில் அளந்துகொள்ளுங்கள்

வாயுவைத் திறக்கும் முன் தெரிய வேண்டியவை இரண்டு: தண்ணீரின் கேஎச், அதன் பிஎச். கேஎச் என்பது கார்பனேட் கடினத்தன்மை. பிஎச் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது இறங்கினால் அமிலம் கூடுகிறது. சொட்டுச் சொட்டாக விடும் டெஸ்ட் கிட்டில் கண்டுபிடித்துவிடலாம். பிஎச் பார்க்கப் பேனா மீட்டர் இருந்தால் பிஎச் 4, 7 என்று விற்கும் கரைசல்களில் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கணக்கு இதுதான்: 7-லிருந்து பிஎச்சைக் கழியுங்கள், வரும் எண்ணை 10-இன் அடுக்காகப் போடுங்கள், அதைக் கேஎச்சாலும் 3-ஆலும் பெருக்குங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் சிஓடூ என்று கிடைக்கும். கேஎச் 4 உள்ள தண்ணீரில் பிஎச் 7.0 என்றால் 12, 6.8 என்றால் 19, 6.6 என்றால் 30, 6.4 என்றால் 48.

செடிக்கு நாம் எட்டப் பார்ப்பது 20 முதல் 30 வரை. இறால் இருந்தாலோ, தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டாலோ 15 முதல் 20 போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் செடிக்குக் கிடைக்கும் லாபம் சிறியது, மீனுக்கு வரும் ஆபத்து பெரியது.

போர்வெல் தண்ணீர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். எங்கோ '6.6 வந்தால் சரி' என்று படித்திருப்பார்கள். அது கேஎச் 4-க்கு. உங்கள் போர் தண்ணீரின் கேஎச் 10 என்றால் பிஎச் 7.0-இலேயே 30 வந்துவிட்டது, 6.6 வரை இறக்கினால் 75. அது மீனுக்கு ஆபத்தான அளவு. அடுத்தவர் தொட்டியின் பிஎச் எண்ணை உங்கள் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

இந்தக் கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. மரக்கட்டை விடும் டானின், செடிமண் விடும் அமிலங்கள் எல்லாம் பிஎச்சை இறக்கும். அப்போது கணக்கில் வரும் எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் கேஎச் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் அங்கேயும் கணக்கு உதவாது. இதற்காகத்தான் டிராப் செக்கர்.

டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது. கேஎச் 4 கரைசல் ஊற்றி, புரோமோதைமால் நீலம் என்ற நிறம் மாறும் சாயத்தைச் சில சொட்டு விட வேண்டும். கரைசல் கடையில் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1.2 கிராம் சமையல் சோடாவைக் கரையுங்கள், அது கேஎச் 40. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் கேஎச் 4. நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் 30-ஐ ஒட்டி, மஞ்சள் என்றால் அதிகம். நீலம் கலந்த கரும்பச்சையில் நிறுத்துவது இறால் தொட்டிக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒன்று: நிறம் மாற ஒன்று, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் இப்போது பார்க்கும் நிறம் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய தண்ணீருடையது.

6. சிஓடூவுக்கு முன் நீரோட்டம்

மாட்டுவதற்கு முன்னாலேயே மேல்மட்ட அசைவைச் சரிசெய்துவிடுங்கள். ஃபில்டர் வாயைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினால் மேல்பரப்பு நெளிநெளியாக அசையும். நுரைத்துத் தெறிக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் படலம் தங்கக் கூடாது.

மேலே அசைத்தால் சிஓடூ வீணாகிவிடும் என்று தண்ணீரை அசைவில்லாமல் வைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் வீணாகும், உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் உள்ளே வருவதும், கூடிப்போன சிஓடூ வெளியே போவதும் அந்த வழியில்தான். அசைவு இருக்கும் தொட்டியில் அளவு ஓர் இடத்தில் நிலையாக நிற்கும். அசைவில்லாத தொட்டியில் மதியம் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும். வாயு மலிவு, மீன் அப்படி இல்லை.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், அசைவை மாற்றினால் அதே குமிழி எண்ணிக்கைக்கு வேறு அளவு வரும். முதலில் சிஓடூவைச் சரிசெய்து அப்புறம் ஃபில்டர் வாயைத் திருப்பினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

தொட்டியின் எல்லா மூலையிலும் இலை லேசாக ஆட வேண்டும். ஆடாத மூலை இருந்தால் அங்கே சிஓடூ போய்ச் சேராது. அதற்காக மொத்த அளவைக் கூட்டுவார்கள், டிஃப்பியூசர் பக்கம் இருக்கும் மீன் கஷ்டப்படும். மூடி இருந்தால் கொஞ்சம் திறந்து வையுங்கள். கௌராமி, பைட்டர் போன்றவை மேலே வந்து காற்றைக் குடிப்பவை. மூடிக்கு அடியில் சிஓடூ தேங்கினால் அவை குடிப்பது அதைத்தான்.

7. மாட்டுவது, கசிவு பார்ப்பது

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் ஏற்றும் இடத்தில் ஒரு வாஷர் இருக்கும். அதுதான் அடைக்கிறது. அங்கே டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், வாஷர் சரியாக உட்காராமல் போகும். ஸ்பேனரால் இறுக்குங்கள், கையால் போதாது.

சிலிண்டரைத் திறக்கும் முன் நீடில் வால்வை முழுதாக மூடுங்கள். அழுத்தத்தை மாற்றும் குமிழ் இருந்தால் அதையும் தளர்த்தி வையுங்கள். திறந்திருக்கும் நீடில் வால்வோடு சிலிண்டரைத் திறந்தால் டியூப் பிய்த்துக்கொண்டு போகும், அல்லது பபிள் கவுன்டர் உடையும். மூடிய பிறகு சிலிண்டரை மெதுவாகத் திறந்து, வேலை அழுத்தத்தை 1.5 முதல் 2 பார் வரை வையுங்கள். பெரும்பாலான செராமிக் டிஃப்பியூசருக்கு இது போதும்.

அடுத்து, சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தடவிப் பாருங்கள். அப்புறம் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் முள் நன்றாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. இந்த ஓர் இரவைப் பொறுக்காமல் தொடங்கியவர்களுக்கு மாதக்கணக்கில் வர வேண்டிய சிலிண்டர் பத்து நாளில் காலியாகும்.

டியூப் சிஓடூவுக்கென்று விற்பதாக இருக்கட்டும். ஏர் பம்ப்புக்கு வரும் சிலிக்கான் டியூபின் சுவர் வழியாகவே வாயு கசியும். செக் வால்வில் அம்புக்குறி தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வாயு வராது. அதற்காக அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால் இரவில் சோலினாய்டுக்குள் தண்ணீர் இறங்கி அது கெட்டுவிடும். பித்தளை அல்லது ஸ்டீல் செக் வால்வு வாங்குங்கள்.

டிஃப்பியூசரை அடிமட்டத்தில், ஃபில்டர் தண்ணீர் வீசும் வழியில் வையுங்கள். குமிழி நேராக மேலே போய் உடைந்தால் கரையவில்லை என்று அர்த்தம். டிராப் செக்கரை டிஃப்பியூசருக்கு எதிர் மூலையில், பாதி உயரத்தில் ஒட்டுங்கள். பக்கத்தில் வைத்தால் குமிழியே உள்ளே புகுந்து பொய் நிறம் காட்டும்.

8. டைமரும் கரண்டும்

விளக்கு எரியும் நேரத்தில்தான் செடி சிஓடூவை எடுக்கும். இருட்டில் செடியும் மீன் மாதிரியே சிஓடூ விடும், ஆக்சிஜன் எடுக்கும். இரவிலும் வாயு ஓடினால் விடியற்காலையில்தான் மீன் சாகும். ஆகவே விளக்குக்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் சிஓடூவைத் தொடங்கி, விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடட்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விளக்கைக் காலையில் போடாதீர்கள். தொட்டியில் சிஓடூ உச்சத்தைத் தொடுவது தொடங்கும்போது இல்லை. பெரும்பாலும் நிறுத்துவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில்தான். காலையில் பார்த்துவிட்டுப் போகும் மீனுக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் கஷ்டம் வரும். விளக்கை மாலை 4 முதல் 10 வரை, சிஓடூவை 2.30 முதல் 9 வரை என்று வைத்தால் அந்த உச்ச நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

மின்தடை விஷயத்தில் ஒரே விதி: ஃபில்டர் நிற்கும்போது சிஓடூவும் நிற்க வேண்டும். நாம் வாங்கும் சோலினாய்டுகள் கரண்ட் போனால் மூடிக்கொள்ளும் வகை, அது நல்லது. ஆனால் சிலர் சோலினாய்டை இன்வெர்ட்டர் லைனிலும் ஃபில்டரைச் சாதா லைனிலும் மாட்டிவிடுகிறார்கள். கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும், மேல்மட்ட அசைவு நிற்கும், வாயு மட்டும் ஓடும். அதைத் திருப்புங்கள்: இன்வெர்ட்டரில் ஃபில்டர், சாதா லைனில் சோலினாய்டு.

சுற்றும் டைமர் கரண்ட் போன நேரத்துக்குப் பின்தங்கிவிடும். நாலு நாள் தடை வந்தால் சிஓடூ இரவுக்குள் நகர்ந்திருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

9. அளவை ஏற்றும் வாரம்

மீன் இன்னும் விடாத தொட்டி என்றால் அதிர்ஷ்டம். நிதானமாக அளவைக் கண்டுபிடித்துவிட்டு, மீன் விடும் நாளில் கொஞ்சம் குறைத்துத் தொடங்கலாம். ஏற்கெனவே மீன் இருந்தால் முழுநாளும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் மட்டும் தொடங்குங்கள்.

முதல் நாள் நம் 45 லிட்டர் தொட்டிக்கு இரண்டு வினாடிக்கு ஒரு குமிழி. அவ்வளவுதான். டிராப் செக்கர் நீலமாகவே இருக்கும், இருக்கட்டும். ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், அப்புறம் நிறுத்தும் முன், மூன்று முறை மீனைப் பாருங்கள்.

அடுத்த இரண்டு நாள் கையை வைக்காதீர்கள். நீடில் வால்வு ஓரிடத்தில் நிலைக்க நேரம் எடுக்கும், புது டிஃப்பியூசரின் கல் நனைந்து சீராகவும் ஒரு நாள் ஆகும். அதற்கு அடுத்த நாள் குமிழி அதே எண்ணிக்கையில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, கொஞ்சம் கூட்டுங்கள். இப்படி இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை, சிறிது சிறிதாக. பொறுமை இழந்து ஒரே நாளில் இரண்டு முறை திருகுவதுதான் வழக்கமான பிழை: நிறம் மாறவில்லையே என்று கூட்டுவார்கள், ஒரு மணி நேரம் கழித்து முதலில் கூட்டியதும் இப்போது கூட்டியதும் சேர்ந்து வந்து நிற்கும்.

குமிழி எண்ணிக்கை உங்கள் தொட்டிக்குள் நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும் உதவும். ஒவ்வொரு பபிள் கவுன்டரிலும் குமிழி அளவு வேறு. நண்பர் 'வினாடிக்கு 2' என்றால் அது உங்களுக்கு எதையும் சொல்லாது.

உறுதிப்படுத்த இன்னொரு வழி உண்டு. தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்து பிஎச் பாருங்கள். பிறகு சிஓடூ உச்சத்தில் இருக்கும்போது தொட்டியின் பிஎச். வித்தியாசம் 1 என்றால் சிஓடூ பத்து மடங்கு கூடியிருக்கிறது. மீன் உள்ள தொட்டியில் நான் இந்த 1-ஐ ஒட்டியே நிறுத்தச் சொல்வேன்; செடிகள் திருப்தியாக வளரும்.

டிராப் செக்கர் பச்சையாகி, மீன் சாதாரணமாகத் தின்று நீந்துகிறது என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள். டிராப் செக்கர் இன்னும் நீலம், ஆனால் மீன் மூச்சு வாங்குகிறது என்றால் மீன் சொல்வதுதான் சரி. கரைசல் பழசாகியிருக்கலாம், ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம்; காரணத்தைப் பிறகு தேடலாம், முதலில் குறையுங்கள்.

10. மீன் காட்டும் அறிகுறி, உடனே செய்ய வேண்டியது

முதல் அறிகுறி மூச்சு. செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும். தீனி போட்டால் வராது. டெட்ராக்கள் கூட்டம் கலைந்து ஃபில்டர் வாயருகே நிற்கும். இறால்கள் மேய்வதை நிறுத்தி அசையாமல் இருக்கும், அல்லது எல்லாம் சேர்ந்து மேலே ஏறும். அதற்கு அடுத்த கட்டம்தான் மேல்மட்டத்தில் வாயைப் பிளப்பது. அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கௌராமியையும் பைட்டரையும் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். அவை காற்றைக் குடித்துச் சமாளிக்கும். கூட இருக்கும் மற்ற மீன் அதற்கு முன்பே சுருண்டுவிடும்.

அறிகுறி தெரிந்தால் இந்த வரிசை. சிஓடூவை நிறுத்துங்கள். ஏர் பம்ப்பைப் போடுங்கள், ஃபில்டர் வாயைத் தண்ணீருக்கு மேல் தூக்கித் தெறிக்க விடுங்கள். விளக்கை அணைக்காதீர்கள், செடி சிஓடூவை எடுத்துக்கொண்டிருக்கட்டும். மீன் சாய்ந்து படுத்திருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கியது, அதே சூடு உள்ளது. நேரத்தில் செய்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தேறிவிடும்.

சிஓடூ வெளியேறும்போது பிஎச் வேகமாக ஏறுமே, மீனுக்கு ஆகாதே என்று பயந்து மெதுவாகச் செய்ய வேண்டாம். அந்த ஏற்றம் மீனைக் கொல்லாது. ஒரே விதிவிலக்கு, அமோனியா இருக்கும் புதுத் தொட்டி. பிஎச் ஏறினால் அமோனியாவின் விஷம் கூடும். அதனால்தான் புதுச் செடிமண் போட்ட தொட்டியில் அமோனியா பூஜ்யம் ஆகும்வரை மீனே விடக் கூடாது.

11. நன்றாக ஓடிய தொட்டி திடீரென்று கெடுவது

சிலிண்டர் தீரும் நேரம் முக்கியம். உள்ளே திரவம் இருக்கும்வரை சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி நம் ஊர் சூட்டில் 60, 70 பாரிலேயே நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட்டால்தான் தெரியும். திரவம் தீர்ந்ததும் முள் இறங்கத் தொடங்கும். அழுத்தத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் அப்போது வெளியே வரும் அழுத்தம் ஏறும், குமிழி தானாகக் கூடும். முள் 50-க்குக் கீழே வந்தால் மிச்சத்தைப் பார்க்காமல் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். இரட்டை நிலை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

செடியை நிறைய வெட்டிய நாளிலும் கவனம் வேண்டும். நேற்று வரை சிஓடூவைத் தின்றுகொண்டிருந்த இலையில் பாதி போய்விட்டது, ஆனால் குமிழி அதேதான். வெட்டியதும் கொஞ்சம் குறைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். ஃபில்டர் அடைத்து நீரோட்டம் குறைந்தாலும், தண்ணீர் ஏற்றி நிரப்பியதில் ஃபில்டர் வாய் மூழ்கி மேல்மட்டம் அமைதியானாலும் அதே பிரச்சினைதான்.

டிஃப்பியூசர் கல்லில் பாசி பிடித்தால் குமிழி குறையும். வால்வைத் திறந்து ஈடுகட்டாதீர்கள். கழற்றி, தண்ணீர் கலந்த பிளீச்சில் ஊறவைத்து, குளோரின் நீக்கி போட்ட தண்ணீரில் அலசி மாட்டுங்கள். ஈடுகட்டி வைத்தவர் பிறகு கல்லைக் கழுவினால் ஒரேயடியாகக் கொட்டும்.

புது மீனைச் சிஓடூ உச்சத்தில் இருக்கும் நேரத்தில் விடாதீர்கள். கடைத் தொட்டியில் பெரும்பாலும் சிஓடூ கிடையாது. வாயு நின்று, ஏர் பம்ப் ஓடும் இரவில் விடுங்கள், அடுத்த சில நாள் குமிழியைக் குறைத்து மெல்ல ஏற்றுங்கள். ஏப்ரல் வந்ததும் எல்லாத் தொட்டியிலும் ஒரு படி குறைத்துவிடுவது நல்லது. தண்ணீர் சூடு இறங்கும் மாதத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஊருக்குப் போகும்போது டைமரை நம்பி விட்டுவிட்டுப் போக வேண்டாம். சிலிண்டரின் தலை வால்வை மூடுங்கள், விளக்கு நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஏர் பம்ப்பை முழுநேரம் ஓட விடுங்கள். செடி ஒரு வாரம் கொஞ்சம் வாடும், பாசி கொஞ்சம் வரும். திரும்பி வந்ததும் பழைய அளவில் திறக்காமல் பாதியில் தொடங்கி, மூன்று, நான்கு நாளில் ஏற்றுங்கள்.